வியாசர்பாடியில் ஒரு டைகர் மாத்: வடசென்னைப் பயணக் குறிப்புகள்

வெள்ளிக்கிழமை, வியாசர்பாடி

வியாசர்பாடி ஜீவா ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகும் தொலைவில், முன்பு இரும்புச் சாமான் கிடங்காக இருந்த நீண்ட கூடம் ஒன்றில், டி ஹாவிலண்ட் டைகர் மாத் என்னும் இரட்டை இறக்கை விமானம் பகுதி பகுதியாகப் பிரித்து வைக்கப்பட்டிருக்கிறது. தொழிற்சாலையை விட்டு வெளியேறிய நாளில் அது எப்படி இருந்ததோ அந்த நிலைக்கே அதைத் திருப்பிக் கொண்டுவரும் வேலை சில ஆண்டுகளாக நடந்துவருகிறது. அதை அருகிலிருந்து பார்த்து எழுத வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. உரிமையாளர் குடும்பத்தார் அனுமதி தந்ததால், நேற்றிரவு திருச்சியில் ரயிலேறி இன்று காலை வந்து சேர்ந்தேன். அன்றன்று பார்த்ததை அன்றன்றே எழுதுவதாக எண்ணம்.

டைகர் மாத் முதன்முதலில் பறந்தது 1931 அக்டோபர் 26 அன்று. பயிற்சி விமானமாகவே திட்டமிட்டுக் கட்டப்பட்ட அதில் இருவர் முன்னும் பின்னுமாகத் திறந்த இருக்கைகளில் அமர்வார்கள். ஆசிரியர் முன்னால், மாணவர் பின்னால். தனியாக ஓட்டும்போதும் பின் இருக்கையிலிருந்தே ஓட்ட வேண்டும். உலகெங்கும் 8,800-க்கும் மேற்பட்டவை கட்டப்பட்டன. இரண்டாம் உலகப்போரின்போது இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டை ஒட்டிய கௌலியிலிருந்த மோரிஸ் கார் தொழிற்சாலை மட்டும் ஏறத்தாழ 3,500 விமானங்களைக் கட்டியது. இங்கே இருப்பதும் கௌலியில் பிறந்ததுதான் என்பதை விமானி அறையில் ஆணியடித்திருந்த சிறு தகடு காட்டிக் கொடுத்தது. போருக்குப் பின் ஏதோ ஒரு பறக்கும் சங்கத்தில் உழைத்து, பிறகு ஒரு கல்விக்கூடத்தின் கூரையில் பல ஆண்டுகள் தொங்கி, கடைசியில் இந்தக் குடும்பத்தின் கைக்கு வந்திருக்கிறது.

வேலையை நடத்துபவர் விமானப்படையில் பராமரிப்புப் பணியாற்றி ஓய்வுபெற்றவர். கூடத்தில் எல்லோரும் அவரை ‘ஐயா’ என்றே அழைக்கிறார்கள். மர வேலை ஒரு மேஸ்திரியின் பொறுப்பு. பெரம்பூர் ரயில் பெட்டிப் பணிமனையில் மரப் பெட்டிகள் இருந்த காலத்தில் கை பழகியவர் அவர். இவர்களுக்குத் துணையாகப் பாலிடெக்னிக் முடித்த ஒரு பெண்ணும் இரண்டு இளைஞர்களும் இருக்கிறார்கள். அந்தப் பெண்ணின் முழுநேர வேலையே பதிவேடு எழுதுவதுதான். கழற்றிய ஒவ்வொரு திருகாணியும் ஒரு காகித உறையில் இருக்கிறது. உறையின்மேல் அது எங்கிருந்து கழன்றது, எந்தப் பக்கம் பார்த்திருந்தது, அதன்மேல் என்ன நிறம் ஒட்டியிருந்தது என்பதெல்லாம் எழுதப்பட்டிருக்கின்றன.

வந்ததும் நான் முதலில் கேட்டது, தொழிற்சாலை நிலை என்றால் என்ன என்று எப்படித் தீர்மானிக்கிறீர்கள் என்பதைத்தான். ஐயா பதில் சொல்லாமல் கீழிறக்கையின் எலும்புக்கூட்டருகே அழைத்துச் சென்று, ஒரு விலாச் சட்டத்தின் பக்கவாட்டைக் காட்டினார். பரிசோதகர் வைத்த மை முத்திரை மங்கலாகத் தெரிந்தது. அருகிலேயே யாரோ பென்சிலால் போட்ட ஒரு கோடும் ஒரு எண்ணும் இருந்தன. "இதை அழிச்சுட்டு வார்னிஷ் அடிச்சா பளபளன்னு இருக்கும் தம்பி. ஆனா அப்புறம் இது கௌலியில செஞ்சதுன்னு யார் சொல்றது?" என்றார். அந்தப் பென்சில் கோட்டின்மேல் நிறமில்லாத வார்னிஷ் மட்டும் மெல்லியதாகப் பூசப் போகிறார்கள்.

சனிக்கிழமை, சூளை

இறக்கைகளின் கதை இன்று முழுமையாகப் புரிந்தது. டைகர் மாத்தின் உடற்பகுதி எஃகுக் குழாய்ச் சட்டம். இறக்கைகளோ முழுக்க மரம். ஒவ்வொரு இறக்கையிலும் முன்னொன்றும் பின்னொன்றுமாக இரண்டு நீண்ட உத்திரங்கள் ஓடுகின்றன. அவற்றின் குறுக்கே வரிசையாக மெல்லிய விலாச் சட்டங்கள். இவை எல்லாவற்றையும் பிடித்து வைத்திருப்பது பசை. பாலிலிருந்து எடுக்கும் கேசீன் பசைதான் இந்த இறக்கையில் பயன்பட்டிருந்தது. உலர்ந்த நாட்டில் அது பல்லாண்டு நிற்கும். ஈரம் ஏறினால் பூஞ்சை அதைத் தின்றுவிடும். கடலிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில், கூரைக்கடியில் பல மழைக்காலங்களைக் கழித்த இறக்கை இது. மேஸ்திரி ஒரு விலாவின் முனையில் நகத்தை நுழைத்து நெம்பியதும், ஒட்டியிருந்த பட்டை சத்தமே இல்லாமல் தனியாக வந்துவிட்டது. மரத்தில் குறையே இல்லை.

ஆகவே எல்லா ஒட்டுகளையும் பிரித்து மீண்டும் ஒட்டுகிறார்கள். இங்கே கேசீனுக்குத் திரும்பவில்லை. ரிசார்சினால் என்னும் செயற்கைப் பசையைப் பயன்படுத்துகிறார்கள். தொழிற்சாலை நிலை என்ற கொள்கையை இந்த ஓரிடத்தில் அவர்கள் தெரிந்தே மீறுகிறார்கள், அது சரியென்றே நான் நினைக்கிறேன். கெட்டுப்போகும் என்று தெரிந்த பசையை மறுபடியும் வைப்பது இறக்கையை மறுபடியும் சாகவிடுவதற்குச் சமம். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. ரிசார்சினால் உலர்ந்ததும் கருஞ்சிவப்பாக மாறும். வெளிறிய மரத்தில் அந்தக் கோடு எடுப்பாகத் தெரியும். ஐம்பது ஆண்டு கழித்து இந்த இறக்கையைத் திறப்பவருக்கு எது பழைய ஒட்டு, எது நம் காலத்து ஒட்டு என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

மேலிறக்கையின் பின் உத்திரம் ஒன்றில் மட்டும் இரண்டடி நீளத்துக்கு மரமே உளுத்துப் போயிருந்தது. அதற்கு ஒட்டுப்போட வேண்டும். விமானத்துக்குரிய மரம் சிட்கா ஸ்புரூஸ். வட அமெரிக்காவின் மேற்குக் கரையோரம் வளர்வது, ஒரு கன மீட்டருக்கு 400 கிலோவையொட்டிய எடை. தேக்கு அதைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் கனம். "தேக்குல செஞ்சா நூறு வருசம் நிக்கும் சார். ஆனா மேல தூக்காதுன்றாரு நம்ம ஐயா" என்று மேஸ்திரி சொன்னதில் தேக்கை விட்டுக்கொடுக்க மனமில்லாத ஒரு தச்சரின் பாசம் தெரிந்தது. ஸ்புரூஸ் பலகை வெளிநாட்டிலிருந்து வந்து பல மாதங்களாகக் கூடத்தில் கிடக்கிறது. அதை வெட்டுவதற்கு முன் ஒத்திகை பார்க்க வேறு மெல்லிய மரம் வாங்கத்தான் மேஸ்திரியோடு சூளைப் பக்கத்து மரக்கடைகளுக்குப் போனேன். பலகையைத் தூக்கி நிறுத்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, இழை எந்தப் பக்கம் சாய்கிறது என்று அவர் பார்த்த விதம் எனக்கு ஒரு பாடம். விமான மரத்தில் இழையின் சாய்வு பதினைந்துக்கு ஒன்று என்ற அளவைத் தாண்டக் கூடாது. அதாவது பதினைந்து அங்குல நீளத்தில் இழை ஓர் அங்குலத்துக்கு மேல் விலகக் கூடாது. ஓர் அங்குலத்துக்கு ஆறு ஆண்டு வளையமாவது இருக்க வேண்டும்.

உத்திரத்தை ஒட்டுவதும் அதே கணக்கில்தான். இரு முனைகளையும் நீளச் சரிவாக, பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சாய்வில் இழைத்து, சரிவின்மேல் சரிவை வைத்துப் பசையிட்டு இறுக்குகிறார்கள். மதியம் முழுவதும் மேஸ்திரி அந்தச் சரிவைத்தான் இழைத்துக்கொண்டிருந்தார். இழைப்புளியிலிருந்து வந்த சுருள்கள் காகிதத்தைவிட மெல்லியவை. சரிவின்மேல் சுண்ணக்கட்டியைத் தேய்த்து, மறுபாதியை வைத்து அழுத்தி எடுத்து, தூள் ஒட்டாத இடம் எது என்று பார்த்துப் பார்த்து இழைத்தார். மாலையில் விளக்கைப் பின்னால் பிடித்தபோது, இரண்டு மரங்களுக்கிடையே ஒளி புகவில்லை.

ஞாயிறு, தீவுத்திடல்

கூடம் விடுமுறை. காலையில் பாரிமுனையிலிருந்து நடந்து தீவுத்திடலுக்குப் போனேன். 1910 மார்ச் மாதம் இந்தத் திடலில் ஜியாகோமோ தாஞ்சலிஸ் என்ற கோர்சிகாக்காரர் சென்னை மக்கள் முன்னிலையில் ஒரு விமானத்தைப் பறக்கவிட்டுக் காட்டினார். மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திவந்தவர் அவர். அந்த விமானமும் இரட்டை இறக்கை விமானமே. அதைக் கட்டிக் கொடுத்தது சென்னையின் சிம்ப்சன் நிறுவனம். குதிரை வண்டிகள் செய்வதில் பெயர்பெற்ற நிறுவனம் அது. வண்டிக்குச் சட்டம் கடைந்த அதே தச்சர்கள்தாம் இறக்கைக்கும் சட்டம் கடைந்திருக்க வேண்டும். ரயில் பெட்டித் தச்சர் ஒருவர் வியாசர்பாடியில் டைகர் மாத்தின் உத்திரத்தை இழைப்பது இந்த ஊருக்குப் புதிய செய்தி இல்லை என்று தோன்றியது.

திங்கட்கிழமை, காசிமேடு

மரச் சட்டம் முடிந்த கீழிறக்கைகளுக்குத் துணி போர்த்தும் வேலை இன்று. இந்தக் காலத்தில் பெரும்பாலோர் பாலியெஸ்டர் துணியைத்தான் போர்த்துகிறார்கள். சூடான இஸ்திரிப் பெட்டியைக் காட்டினால் அது தானே சுருங்கி இறுகிவிடும், பல மடங்கு காலம் உழைக்கும். இங்கே தொழிற்சாலையில் போட்டது போலவே லினன் துணிதான். ஆளிச் செடியின் நாரில் நெய்த துணி அது. நனைந்தால் பலம் கூடும் நார் என்பதும், டோப் என்னும் பூச்சை நன்றாக உறிஞ்சிக்கொள்ளும் என்பதும் அதன் சிறப்புகள். பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகள் இயங்கிவந்த பெரம்பூர்ப் பக்கத்தில் நின்றுகொண்டு விமானத் துணிக்கு வெளிநாட்டைப் பார்ப்பது மனத்துக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஆலைகள் நெய்தது பருத்தி. அவையும் 1996-இல் மூடப்பட்டுவிட்டன.

துணியை உறைபோலத் தைத்து இறக்கையின்மேல் இழுத்து மாட்டி, திறந்த விளிம்பைக் கையால் தைத்து மூட வேண்டும். ஓர் அங்குலத்துக்கு எட்டுத் தையல். இரண்டு அங்குலத்துக்கு ஒருமுறை பூட்டு முடிச்சு. நடுவே ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் தையல் அந்த இரண்டு அங்குலத்தோடு நின்றுவிடும். இதன் பிறகு வருவதுதான் பெரிய வேலை. பறக்கும்போது இறக்கையின் மேற்புறத்துத் துணியைக் காற்று மேல்நோக்கி உறிஞ்சும். அது விலாச் சட்டத்தை விட்டு எழும்பிவிடாமல் இருக்க, மெழுகிட்ட நூலை நீண்ட ஊசியில் கோத்து, மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் இறக்கையையே ஊடுருவி, ஒவ்வொரு விலாவையும் துணியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு முடிச்சு. முடிச்சுகளின் வரிசை நூல் பிடித்தது போல இருக்க வேண்டும், இல்லையென்றால் மேலே ஒட்டும் ரம்பவிளிம்பு நாடா கோணலாகிவிடும்.

இந்த முடிச்சைப் போடக் காசிமேட்டிலிருந்து ஓர் அண்ணன் வருகிறார். மீன்பிடித் துறைமுகத்தில் வலை பழுதுபார்ப்பவர். அதிகாலையில் அவரை அழைத்துவரத் துறைமுகத்துக்கு நானும் போயிருந்தேன். ஏலக் கூச்சல் ஓய்ந்து, விசைப்படகுகளின் ஓரமாக வலைகள் விரிந்து கிடந்தன. ஐயா முதன்முறை அவருக்கு விமான முடிச்சைக் காட்டியபோது, "இது நம்ம முடிச்சுதானே ஐயா" என்றாராம். நூல் வழுக்காமல் இறுகவும், இறுகிய பின் அசையாமல் நிற்கவும் வேண்டும் என்பது வலைக்கும் இறக்கைக்கும் பொதுவான தேவை. ஆகவே முடிச்சும் ஏறக்குறைய ஒன்றே. இறக்கையின் ஒருபுறம் அவர் நின்று ஊசியை அனுப்ப, மறுபுறம் நின்ற பாலிடெக்னிக் பெண் அதை விலாவின் மறுபக்கமாகத் திருப்பி அனுப்ப, இரண்டு பேரும் அதிகம் பேசாமல் மாலைக்குள் ஓர் இறக்கையின் பாதியை முடித்துவிட்டார்கள்.

இறக்கையின் பின் விளிம்பில், அடிப்பக்கமாக, ஒவ்வொரு விலா இடைவெளிக்கும் ஒரு சிறு வளையம் ஒட்டுகிறார்கள். உள்ளே சேரும் நீர் வடிய அதில் துளை விடப்படும். காற்றோட்டத்துக்கும் அதுவே வழி. கூரையில் தொங்கவிட்ட காலத்தில் யாரோ அழகுக்காக இந்தத் துளைகளையெல்லாம் பெயிண்ட் அடித்து அடைத்திருந்தார்கள். பூஞ்சைக்கு அந்தப் பெயிண்ட்தான் கதவைத் திறந்துவிட்டது என்பது ஐயாவின் கணிப்பு.

செவ்வாய்க்கிழமை, வியாசர்பாடி

இந்தப் பயணத்தை அக்னி நட்சத்திரத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னவர் ஐயா. இந்த வெயிலில் ஏன் என்று அப்போது விளங்கவில்லை. இன்று டோப் பூசுவதைப் பார்த்த பிறகு, வேறு எந்தப் பருவத்திலும் சென்னையில் இந்த வேலையைச் செய்வது கடினம் என்பது தெரிந்துவிட்டது.

டோப் என்பது செல்லுலோஸ் நைட்ரேட் போன்ற செல்லுலோஸ் சேர்மத்தைக் கரைப்பானில் கரைத்துச் செய்த பூச்சு. தளர்வாகப் போர்த்திய லினனின் நூலிழைகளுக்குள் இறங்கி, உலர உலரச் சுருங்கி, துணியை இழுத்துப் பிடித்து, காற்றும் நீரும் புகாத தோலாக மாற்றுகிறது. முதல் பூச்சைத் தூரிகையால் அழுத்தித் தேய்க்கிறார்கள். துணியின் மறுபக்கம் வரை ஊற வேண்டும், ஆனால் சொட்டாகத் திரளக் கூடாது. முதல் சில பூச்சுகள் செங்காவி நிறம். எந்த இடம் விட்டுப்போயிற்று என்பது அந்த நிறத்தால் உடனே கண்ணில் படும். அதன்மேல் அலுமினியத் தூள் கலந்த வெள்ளி நிறப் பூச்சு. வெயிலின் புற ஊதாக் கதிர் லினனை அரித்துவிடாமல் காப்பது அதுதான். கடைசியாகத்தான் கண்ணுக்குத் தெரியும் நிறம்.

சிக்கல் ஈரப்பதத்தில் இருக்கிறது. கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது துணியின் மேற்பரப்பு சட்டென்று குளிர்கிறது. சுற்றிலும் உள்ள காற்றில் ஈரம் அதிகமென்றால், அந்தக் குளிர்ந்த பரப்பில் பனி போல நீர் படிகிறது. நீர் பட்டதும் செல்லுலோஸ் கரைசலிலிருந்து பிரிந்து வெண்மையாகத் திரிந்துவிடுகிறது. பார்வைக்கு வெண்திட்டு, உண்மையில் அந்த இடத்துப் படலத்துக்குப் பலமே இல்லை, இறுக்கமும் வராது. ஆகவே கூடத்தில் ஒரு விதி வைத்திருக்கிறார்கள்: ஈரப்பதம் 70 விழுக்காட்டைத் தாண்டினால் தூரிகையைக் கீழே வைத்துவிட வேண்டும்.

கடலோர ஊரில் 70 விழுக்காட்டுக்குக் கீழே எப்போது கிடைக்கும்? மே மாதத்து முற்பகலில். அப்போது மேற்கிலிருந்து நிலக்காற்று வறட்சியாக வீசுகிறது. வெயில் ஏற ஏற ஈரப்பதம் இறங்குகிறது. பிற்பகலில் கடற்காற்று உள்ளே நுழைந்ததும் ஊரே ஆசுவாசப்படும். கூடத்தில் மட்டும் வேலை நின்றுவிடும். இன்று காலை பத்து மணிக்குச் சுவரிலிருந்த மானி 52 காட்டியது. நான்கு பேரும் முகமூடி அணிந்து, வெளியேற்றும் விசிறியை ஓடவிட்டு, பேச்சில்லாமல் பூசினார்கள். ஐயா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். அவருடைய வேலை காற்றைப் பார்ப்பது. எதிரே ஒரு வீட்டு மாடியில் கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. ஒன்றரை மணியளவில் அந்தத் துணிகள் ஒருகணம் தொங்கி, பிறகு மறுபக்கமாக ஆடத் தொடங்கின. "போதும், மூடுங்க" என்றார். உள்ளே வந்து மானியைப் பார்த்தால் எண் இன்னும் 60-ஐத் தொடவில்லை. கால் மணி நேரத்தில் 74 ஆகிவிட்டது. அதற்குள் கடைசியாகப் பூசிய பகுதி தொடும் அளவுக்கு உலர்ந்திருந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நைட்ரேட் டோப் எளிதில் தீப்பற்றும் பொருள். அதன் ஆவியும் அப்படியே. கூடத்துக்குள் கைப்பேசியை எடுத்துச்செல்லக்கூட அனுமதி இல்லை. விசிறியின் மோட்டார் சுவருக்கு வெளியே பொருத்தப்பட்டிருக்கிறது. நெருக்கமான குடியிருப்பின் நடுவே இந்த வேலையைச் செய்பவர்கள் இந்த அளவுக்குக் கவனமாக இருப்பது அக்கம்பக்கத்தாருக்கு அவர்கள் செலுத்தும் மரியாதை.

மாலையில் முதல் பூச்சு முடிந்த இறக்கையை விரல் நுனியால் சுண்டிப் பார்த்தேன். காலையில் தொளதொளவென்றிருந்த துணி, தீயில் வாட்டிய பறை போலக் கணீரென்றது. பூச்சு கூடினால் இன்னும் இறுகுமே என்று நினைக்கத் தோன்றும். ஆனால் கூடுதல் பூச்சு என்பது கூடுதல் எடை. சில ஆண்டுகளில் வெடிப்பும் விடும். தொழிற்சாலை எத்தனை பூச்சு என்று வகுத்ததோ அத்தனையோடு நிறுத்துகிறார்கள்.

புதன்கிழமை, திருவொற்றியூர்

இன்று எஞ்சின். டைகர் மாத்தின் எஞ்சின் ஜிப்ஸி மேஜர்: நான்கு சிலிண்டர், 6.1 லிட்டர், காற்றால் குளிர்வது, 130 குதிரைத்திறன். சிலிண்டர்கள் தலைகீழாகத் தொங்கும்; கிராங்க் தண்டு மேலே. இதனால் விமானத்தை இழுக்கும் முன்விசிறி உயரத்தில் அமைகிறது, விமானிக்கும் மூக்குக்கு மேலாகப் பார்வை கிடைக்கிறது. தொங்கும் சிலிண்டருக்குள் எண்ணெய் வடிந்து தேங்கும் என்பதால், இயக்குவதற்கு முன் விசிறியைக் கையால் சுற்றிப் பார்ப்பது வழக்கம். எஞ்சினின் உட்பகுதி நல்ல நிலையில் இருக்கிறது. கவலை தந்தவை திருகாணிகள்தாம். இந்த விமானத்தில் உள்ளவை பழைய பிரிட்டிஷ் மரைகள். மரையின் கோணம் 55 டிகிரி. இன்று கடையில் கிடைக்கும் மெட்ரிக் மரைக்குக் கோணம் 60. நடுவில் யாரோ சில இடங்களில் மெட்ரிக் போல்ட்டுகளை வலுக்கட்டாயமாக முறுக்கி ஏற்றியிருந்தார்கள்.

பொருத்தமான கருவிகள் திருவொற்றியூரில் கிடைத்தன. 1955-இலிருந்து புல்லட் மோட்டார் சைக்கிள் உருவான ஊர் அது. பழைய புல்லட்டும் பிரிட்டிஷ் மரை வண்டிதான். அவற்றையே இன்றும் பழுதுபார்க்கும் ஒரு பட்டறையில் விட்வொர்த் ஸ்பேனர்கள் முழு வரிசையாக எண்ணெய்த் துணியில் சுற்றி வைக்கப்பட்டிருந்தன. பட்டறைக்காரர் வாடகை வாங்க மறுத்துவிட்டார். விமானத்தை ஒருநாள் வந்து பார்க்க வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். திரும்பும் வழியில் தியாகராஜர் கோயிலுக்குப் போய்விட்டு மெட்ரோவில் ஏறினேன்.

வியாழக்கிழமை, வியாசர்பாடி

கண்காட்சிகளில் காணும் டைகர் மாத்துகள் பெரும்பாலும் பளிச்சென்ற மஞ்சளாகவோ, வெள்ளியாகவோ, சிவப்பாகவோ இருக்கும். இதற்கும் அப்படி ஒரு நிறம் அடிக்கலாமே என்று குடும்பத்தின் இளையவர்கள் சிலர் ஆசைப்பட்டார்களாம். துணி பலமுறை மாற்றப்பட்டுவிட்டதால் அதில் சாட்சி எதுவும் மிஞ்சவில்லை. எஞ்சின் மூடியின் உலோகத் தகட்டில் மிஞ்சியிருந்தது. நீரில் நனைத்த நுண்ணிய உப்புத்தாளால் ஒரு ரூபாய் நாணய அளவு இடத்தைப் பதிவேட்டுப் பெண் அடுக்கடுக்காகத் தேய்த்துக் காட்டினார். மேலே கல்விக்கூடத்தார் அடித்த நீலம். அதற்கடியில் பறக்கும் சங்கத்து வெள்ளி நிறம். அதற்கும் அடியில் கரும்பச்சை, மண்பழுப்பு. தகட்டின் கீழ்ப்பகுதியில் மட்டும் மஞ்சள்.

போர்க்காலத்துப் பிரிட்டிஷ் பயிற்சி விமானத்தின் நிறங்கள் இவைதாம். மேலிருந்து பார்க்கும் எதிரிக்குத் தரையோடு கலந்து தெரிய வேண்டும் என்று மேற்புறத்தில் பச்சையும் பழுப்பும். பயிற்சி விமானம் என்று கீழே இருப்பவர்களுக்குத் தெரிய அடிப்புறத்தில் மஞ்சள். இரட்டை இறக்கை விமானங்களுக்கு அப்போது இன்னொரு நுட்பமும் இருந்தது. கீழிறக்கையின்மேல் மேலிறக்கையின் நிழல் விழுவதால் அது கருமையாகத் தெரியும். அதை ஈடுகட்டக் கீழிறக்கைக்கு மட்டும் அதே இரண்டு நிறங்களை இன்னும் வெளிறிய சாயலில் அடித்தார்கள். நான்கு நிறமும் மினுமினுப்பு இல்லாதவை. இவர்கள் அந்த நான்கையும் கலந்து மாதிரித் தகடுகளில் பூசி, காலை வெயிலிலும் மாலை வெயிலிலும் பழைய தகட்டோடு ஒப்பிட்டுவருகிறார்கள்.

மினுமினுப்பைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. பழைய பொருளைப் புதுப்பிப்பவர்கள் பலர், அது பிறந்தபோது இருந்ததைவிட அழகாக்கிவிடுகிறார்கள். காட்மியம் பூசிய மங்கலான போல்ட்டை எடுத்துவிட்டுத் துருப்பிடிக்காத எஃகைப் போடுகிறார்கள். தூரிகைத் தடம் தெரிந்த இடத்தைக் கண்ணாடி போல மெருகேற்றுகிறார்கள். கௌலியில் ஒரு நாளைக்குப் பல விமானங்கள் வெளியே போக வேண்டிய அவசரம் இருந்தது. அந்த அவசரத்தின் தடமும் அந்த விமானத்தின் வரலாறுதான். பெரம்பூர் லோகோ பணிமனை 1855-இல் கட்டப்பட்ட ஃபேரி குயீன் நீராவி எஞ்சினைச் சீர்செய்து 1997-இல் மீண்டும் தண்டவாளத்தில் ஓடவிட்டதை வடசென்னைக்காரர்கள் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். பழையதை மதித்துத் தொடும் கை இந்தப் பகுதியில் இருக்கிறது. அந்தக் கையை மினுக்கும் வேலைக்குச் செலவிடக் கூடாது.

வெள்ளிக்கிழமை, வியாசர்பாடி

நான் ஊர் திரும்பும் நாள். வலப்பக்க இறக்கைகளை மட்டும் உடற்பகுதியோடு ஒருமுறை சேர்த்துப் பார்த்தார்கள். துணி போர்த்தாத மேலிறக்கையும் டோப் பூசிய கீழிறக்கையும் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றபோதுதான், இரட்டை இறக்கை என்பது உண்மையில் ஒரு பெட்டிப் பாலம் என்பது கண்ணுக்குத் தெரிந்தது. இறக்கைகளுக்கிடையே நிற்கும் தூண்கள் அழுத்தத்தைத் தாங்குகின்றன. குறுக்கே ஓடும் தட்டையான எஃகுக் கம்பிகள் இழுவிசையைத் தாங்குகின்றன. ஒரு திசையில் சாய்ந்த கம்பிகள் பறக்கும்போது எடையைச் சுமக்கும். எதிர்த்திசையில் சாய்ந்தவை தரையில் நிற்கும்போது சுமக்கும். கம்பி முனை எவ்வளவு ஆழம் முறுக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்க முனைக்கவ்வியில் ஒரு சிறு துளை உண்டு. அதில் ஊசியை விட்டு, மரை அந்தத் துளையைத் தாண்டிவிட்டதா என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். பிறகு தூக்குக்குண்டும் ரசமட்டமும் எடுத்து, அளந்து, கால் சுற்றுத் தளர்த்தி, மறுபடி அளந்து, இப்படியே மதியம் வரை.

மதியத்துக்குப் பின் ஒரு வாதம் எழுந்தது. இந்த வாரம் முழுவதும் எல்லோர் மனத்திலும் இருந்த கேள்வி அது. விமானத்தின் பின்னுடலில், வால் இறக்கைக்கு முன்னால், இருபுறமும் ஒடுங்கிய நீளப் பட்டை ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. போர்க்காலத்தில் சில டைகர் மாத்துகள் சுழன்று விழும் நிலையிலிருந்து மீளத் தயங்குவது தெரியவந்தபோது, 1940-களின் தொடக்கத்தில் சேர்க்கப்பட்ட திருத்தம் அது. பின்னால் வந்த விமானங்கள் அந்தப் பட்டையோடே பிறந்தன. முன்னால் பிறந்தவற்றுக்குப் பிறகு பொருத்தினார்கள். இந்த விமானம் எந்த வகை?

பதிவேட்டில் விடை இருந்தது. பட்டையைக் கழற்றியபோது அதனடியில், ஒட்டுப்பலகையின்மேல், பச்சையும் பழுப்பும் முழுமையாகப் பூசப்பட்டிருந்தன. திருகாணித் துளைகள் அந்தப் பூச்சை உடைத்துக்கொண்டு போயிருந்தன. துளைக்குள் பச்சை நிறம் இறங்கவில்லை. நிறம் அடித்து முடித்த பிறகே பட்டை வந்திருக்கிறது. ஆகவே தொழிற்சாலையை விட்டு வெளியேறிய நாளில் அது இல்லை.

ஐயாவுக்கு அதை மீண்டும் பொருத்த வேண்டும் என்று எண்ணம். இந்த விமானம் இப்போது காட்சிக்காகத்தான் என்றாலும், என்றாவது ஒருநாள் யாராவது பறக்கவிட நினைத்தால், மாணவர்களின் உயிரைக் காக்கச் செய்த திருத்தத்தை அழகுக்காக எடுத்துவிட்டோம் என்று ஆகக் கூடாது என்றார். பதிவேட்டுப் பெண் மெதுவாக, ஆனால் விடாமல் பேசினார். "நாம எடுத்துக்கிட்ட வேலை தொழிற்சாலை நிலைன்னா அதுக்குச் சாட்சி இதுதான் ஐயா. பட்டையைத் தூக்கிப் போடச் சொல்லலையே. கூடவே வைப்போம்." மேஸ்திரி எந்தப் பக்கமும் பேசவில்லை. என் கருத்தைக் கேட்டபோது அந்தப் பெண்ணின் பக்கம்தான் நின்றேன். பறக்கும் நாள் வந்தால் அன்றைக்குப் பொருத்த வேண்டியவை வேறு பலவும் இருக்கும், அவற்றோடு இதுவும் சேரும் என்றேன்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசிய பின் ஐயா ஒப்புக்கொண்டார், இரண்டு நிபந்தனைகளோடு. திருகாணித் துளைகளை மரத்தூளால் நிரப்பி மறைக்கக் கூடாது. அவை திறந்தபடியே, உள்ளே வார்னிஷ் மட்டும் ஏற்று, புதிய பூச்சுக்கடியிலும் தெரிய வேண்டும். கழற்றிய பட்டைகளையும் அவற்றின் திருகாணிகளையும் விமானத்தோடு பிரியாத பெட்டியில் வைத்து, அவை இல்லாமல் இந்த விமானத்தைப் பறக்கவிடக் கூடாது என்று பின் இருக்கையின் கருவிப் பலகையிலேயே ஒரு சீட்டு ஒட்ட வேண்டும். பதிவேட்டில் அந்த முடிவையும் இரு தரப்புக் காரணங்களையும் அந்தப் பெண் எழுதினார். ஐயாவும் மேஸ்திரியும் கையெழுத்திட்டார்கள்.

மேலிறக்கைகளுக்கு லினன் போர்த்துவது அடுத்த வாரம். நிலக்காற்று இருக்கும்போதே டோப் பூசி முடித்துவிட வேண்டும் என்பதால், காசிமேட்டு அண்ணன் ஞாயிற்றுக்கிழமையும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.